அத்தியாயம் 7: பார்க்காத வீட்டுக்கு அக்ரிமென்ட்

செங்கல்பட்டு, திண்டிவனம் பக்கம் மனை விவகாரத்தில் புழங்கியவர்களுக்கு ஒரு வழக்கம் தெரிந்திருக்கும். ஒருவர் நிலத்துக்காரரிடம் டோக்கன் அட்வான்ஸ் கொடுத்து மூன்று மாத அக்ரிமென்ட் போடுவார். கிரயம் பண்ணும் உத்தேசம் அவருக்குக் கிடையாது. கெடு முடிவதற்குள் வேறொருவரைக் கூட்டி வந்து, நிலத்துக்காரர் நேரே அந்த ஆளுக்கே பத்திரம் எழுதிக் கொடுக்கும்படி செய்துவிடுவார். நடுவில் உள்ள வித்தியாசம் அவருடைய சம்பாத்தியம்.

அமெரிக்காவில் வீட்டு ஹோல்சேலிங் என்பதும் ஏறக்குறைய இதுதான். வீட்டுக்காரரோடு 41,000 டாலருக்கு ஒப்பந்தம் போடுகிறீர்கள். ரொக்கம் வைத்துக்கொண்டு பழைய வீடு தேடும் ஒருவருக்கு அந்த ஒப்பந்தத்தை மாற்றிக் கொடுக்கிறீர்கள். அவருக்கு மொத்தச் செலவு 49,000. நடுவில் உள்ள 8,000 உங்களுக்கு. வீடு ஒரு நாளும் உங்கள் பெயருக்கு வருவதில்லை. நீங்கள் கைமாற்றுவது வாங்கும் உரிமையை மட்டும்தான். இந்த நுணுக்கத்தை நினைவில் வைத்திருங்கள், பிறகு சட்டம் பேசும்போது தேவைப்படும்.

நம் ஊரில் அந்த வித்தியாசத் தொகை யாருக்கும் தெரியாமல் கைமாறும். இங்கே க்ளோசிங் அன்று, அதாவது கிரயம் முடியும் நாளில், வில்லங்கம் பார்த்துக் கிரயத்தை முடித்துவைக்கும் டைட்டில் கம்பெனி தரும் கணக்குத் தாளில் அசைன்மென்ட் கட்டணம் என்று தனி வரியாகவே அது வரும். வாங்குபவர் பார்ப்பார், பல சமயம் விற்பவரும் பார்ப்பார். அவர்கள் பார்த்தால் நமக்குக் கூசும் என்று தோன்றும் தொகையை முதலிலேயே கேட்காமல் இருப்பது நல்லது.

முதலில் விசா

மற்ற நூல்களில் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் வருவதை நான் முதலில் வைக்கிறேன். எச்1பி விசாவில் இருப்பவர் விண்ணப்பித்த நிறுவனத்துக்கு மட்டுமே உழைக்கலாம். ஒரு வீட்டை வாங்கி, மேலாளரிடம் ஒப்படைத்து, வாடகை வாங்குவதை முதலீடு என்று சொல்ல இடமிருக்கிறது. ஹோல்சேலிங்கில் போடுவதற்கு முதலே கிடையாது. தினமும் போன் பேசி, பேரம் பேசிச் சம்பாதிக்கும் தொழில் அது. மனைவி பெயரில் ஓர் எல்.எல்.சி. திறந்து, ராத்திரியில் கணவர் உட்கார்ந்து போன் பேசினாலும் உழைப்பது கணவர்தான். எச்4 விசாவோடு வேலை அனுமதி அட்டையும் உள்ளவர்கள், கிரீன் கார்டு உள்ளவர்கள், குடியுரிமை பெற்றவர்கள் தாராளமாகச் செய்யலாம். மற்றவர்கள் குடியேற்ற வழக்கறிஞர் ஒருவரிடம் கேட்டுவிட்டு மேலே படியுங்கள்.

ஒரு நகரம், ஒன்றிரண்டு ஜிப் கோடு

நான் இருப்பது நியூ ஜெர்சியின் எடிசனில். தொழில் செய்வது ஒஹாயோ மாநிலத்துக் கிளீவ்லாந்தில். காரில் போனால் ஏழெட்டு மணி நேரம் ஆகும். ஏன் அவ்வளவு தூரம் என்று கேட்பார்கள். 1950 கணக்கெடுப்பில் கிளீவ்லாந்தின் மக்கள்தொகை 9,14,808. 2020இல் 3,72,624. ஆலைகள் மூடி ஆட்கள் போனார்கள், வீடுகள் நின்றுவிட்டன. பழைய வீடு, வயதான சொந்தக்காரர், வெளியூரில் பிள்ளைகள், கட்டாத வரி என்ற இந்தச் சேர்க்கை எங்கே இருக்கிறதோ அங்கேதான் ஹோல்சேலிங்குக்கு வேலை. எடிசனில் விற்க நினைப்பவர் பலகை நட்டால் வார இறுதிக்குள் பத்துப் பேர் வந்து நிற்கிறார்கள். அங்கே என் தயவு யாருக்கும் தேவையில்லை.

புதிதாக வருபவர்கள் கிளீவ்லாந்து, மெம்ஃபிஸ், பர்மிங்ஹாம், இண்டியானாபொலிஸ் என்று நான்கு ஊரில் ஒரே நேரத்தில் வலை வீசுகிறார்கள். வேண்டாம். ஒரு நகரத்தில் ஒன்றிரண்டு ஜிப் கோடு போதும். அங்குள்ள தெருக்களின் பெயர் உங்கள் சொந்த ஊர்த் தெருவைப் போல வாயில் வர வேண்டும். கூகுள் ஸ்ட்ரீட் வியூவில் தெருத் தெருவாக நடந்து பாருங்கள். எந்தத் தெருவில் புல் வெட்டியிருக்கிறது, எங்கே ஜன்னலுக்குப் பலகை அடித்திருக்கிறது என்று நோட்டில் குறியுங்கள். படம் எடுத்த மாதமும் ஆண்டும் மூலையில் இருக்கும், அதையும் சேர்த்து எழுதுங்கள். ஆறு வருடப் பழைய படத்தை நம்பி ஒருவர் வீடு பேசியதை நான் பார்த்திருக்கிறேன். அந்த இடத்தில் அப்போது வீடே இல்லை, இடித்துவிட்டிருந்தார்கள்.

ஒவ்வொரு ஊருக்கும் அதற்கென்று வீட்டு ஜாதகம் உண்டு. கிளீவ்லாந்தில் ‘டபுள்’ என்று ஒரு ரகம்: மேலே ஒரு குடும்பம், கீழே ஒரு குடும்பம், முன்னால் இரண்டு தளத்துக்கும் திண்ணை மாதிரி முகப்பு. டபுளின் விலையைப் பக்கத்துத் தனி வீட்டின் விலையோடு ஒப்பிட்டால் கணக்கு கெட்டது. ஷேக்கர் ஹைட்ஸ், கிளீவ்லாந்து ஹைட்ஸ் போன்ற ஒட்டிய புறநகர்களில், கைமாறும் முன் நகராட்சி ஆய்வாளர் வந்து வீட்டைப் பார்த்துக் குறைப் பட்டியல் தருவார். அந்தக் குறைகளை யார் சரிசெய்வது, அதற்குப் பணம் யார் ஒதுக்கி வைப்பது என்பது முடிவாகாமல் க்ளோசிங் நடக்காது. எல்லைக் கோட்டுக்கு இந்தப் பக்கம் இருபது நாளில் முடிகிற வேலை, அந்தப் பக்கம் இரண்டு மாதம் இழுப்பதற்கு இதுவே காரணம்.

1978க்கு முன் கட்டிய வீடுகளில் ஈயம் கலந்த பெயின்ட் இருக்க வாய்ப்பு உண்டு. விற்பவர் தனக்குத் தெரிந்ததை எழுதிக் கொடுக்க வேண்டும் என்பது நாடு முழுவதற்குமான சட்டம். கிளீவ்லாந்து 2019இல் இதற்கு மேலும் ஒரு படி போய், அந்தக் காலத்து வாடகை வீடுகளுக்கு ஈயப் பாதுகாப்புச் சான்றிதழ் வேண்டும் என்று நகரச் சட்டம் இயற்றியது. உங்களிடம் வாங்குபவர் வாடகைக்கு விடுபவராக இருந்தால் அவர் கேட்கும் முதல் கேள்விகளில் அதுவும் ஒன்று. நீங்கள் விழித்தால் அடுத்த முறை உங்கள் போனை எடுக்கமாட்டார்.

வாங்குபவரிடமிருந்து தொடங்குங்கள்

வழக்கமாகச் சொல்லித்தருவது விற்பவரைத் தேடு, பிறகு வாங்குபவர் தானாக வருவார் என்று. தூரத்திலிருந்து செய்பவருக்கு இது தலைகீழ். முதலில் ஐந்து வாங்குபவர்கள். அவர்கள் எந்தத் தெருவில், எந்த ரகத்தை, எவ்வளவுக்கு வாங்குவார்கள் என்று கேட்டு எழுதிய பிறகுதான் முதல் கடிதத்துக்கு அஞ்சல் தலை ஒட்ட வேண்டும்.

அவர்களைக் கண்டுபிடிக்கக் காசு செலவில்லை. கிளீவ்லாந்து அடங்கிய கயஹோகா கவுண்டியின் நிதி அலுவலகத் தளத்தில் ஒவ்வொரு வீட்டின் பழைய கிரய விலை, தேதி, சொந்தக்காரர் பெயர், வரிபாக்கி எல்லாம் பொதுவில் கிடக்கின்றன. உங்கள் ஜிப் கோடில் கடந்த ஆறு மாதத்தில் கைமாறிய வீடுகளைப் பாருங்கள். கிரயம் பதிவாகி, அதோடு அடமானம் எதுவும் பதிவாகாமல் இருந்தால் அவர் ரொக்கத்துக்கு வாங்கியவர். எல்.எல்.சி. பெயரில் வாங்கியிருந்தால் மாநிலச் செயலர் அலுவலகத் தளத்தில் அந்தப் பெயரைத் தேடினால் பின்னால் இருக்கும் ஆள் அல்லது முகவரி கிடைக்கும். ஒரே பெயர் மூன்று வீட்டில் வந்தால் அவர்தான் நீங்கள் தேடும் ஆள். கடிதம் எழுதுங்கள், போனில் பேசுங்கள். “என்னிடம் இப்போது எதுவும் இல்லை. உங்களுக்கு என்ன வேண்டும் என்று தெரிந்துகொண்டு தேடப்போகிறேன்” என்று சொன்னால் பெரும்பாலானோர் நன்றாகவே பேசுவார்கள். கையில் எதுவும் இல்லாமல் கூப்பிடும் ஹோல்சேலர் அவர்களுக்குப் புதுசு.

இதே தளத்தில் விற்பவர்களும் இருக்கிறார்கள். வீட்டின் முகவரி ஒன்று, வரி ரசீது போகும் முகவரி வேறு மாநிலம் என்றால் சொந்தக்காரர் அங்கே இல்லை. இரண்டு வருட வரிபாக்கியும் சேர்ந்தால் கடிதம் போட வேண்டிய வீடு. மாதச் சந்தாவுக்கு இந்தப் பட்டியலைத் தொகுத்துத் தரும் பிராப்ஸ்ட்ரீம் போன்ற மென்பொருள்கள் உண்டு. முதல் மூன்று மாதம் கையாலேயே செய்யுங்கள். ஊர் அப்போதுதான் மண்டையில் ஏறும்.

கணக்கு

பழுதுபார்த்து முடித்த பிறகு வீடு என்ன விலைக்குப் போகும் என்பதை ஏ.ஆர்.வி. என்கிறார்கள். அரை மைலுக்குள், ஆறு மாதத்துக்குள், அதே ரகத்தில், புதுப்பித்து விற்ற மூன்று வீடுகளைப் பார்த்து இதைக் கணியுங்கள். ஷெரிஃப் ஏல விலை, தகப்பன் மகனுக்கு எழுதிக் கொடுத்த ஒரு டாலர்ப் பத்திரம் இவற்றையெல்லாம் தள்ளிவிட வேண்டும். ஜில்லோ காட்டும் தோராய விலையை நம்பி ஒப்பந்தம் போடாதீர்கள். அந்த வீட்டின் சமையலறையை ஜில்லோவும் பார்த்ததில்லை.

தொழிலில் புழங்கும் வாய்பாடு எளிது. ஏ.ஆர்.வி.யில் 70 சதவீதம் எடுத்து, அதிலிருந்து பழுதுச் செலவைக் கழித்தால் வாங்குபவர் தரக்கூடிய விலை. ஏ.ஆர்.வி. 1,30,000 என்றால் 70 சதவீதம் 91,000. பழுது 42,000 போனால் 49,000. உங்கள் 8,000ஐக் கழித்தால் வீட்டுக்காரரிடம் பேச வேண்டியது 41,000. மீதி 30 சதவீதம் வாங்குபவரின் வட்டி, காப்பீடு, வரி, திரும்ப விற்கும்போது ஏஜென்ட் கமிஷன், அவருடைய லாபம் என்று போகும். வாடகைக்கு வைத்துக்கொள்பவர் இந்த வாய்பாட்டைத் தொடமாட்டார், மாத வாடகையிலிருந்து கணக்குப் போடுவார்.

இதில் எந்த எண் பொய்த்தால் அதிகம் வலிக்கும் என்று பாருங்கள். விலை விவரம் கவுண்டித் தளத்தில் இருக்கிறது, எடிசனில் உட்கார்ந்தே சரிபார்க்கலாம். பழுதுச் செலவு மட்டும் வீட்டுக்குள் இருக்கிறது. 42,000 என்று நினைத்தது 60,000 ஆனால் வாங்குபவர் தருவது 31,000. நீங்கள் 41,000க்குக் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள்.

யாருடைய கண்

என் முதல் ஒப்பந்தம் ஒரு ஜனவரி மாதம். விதவையான ஒரு மூதாட்டி, கிழக்குப் பக்கத்தில் ஒரு டபுள். அவருடைய உறவுக்காரப் பையன் பதினாறு படம் அனுப்பினான். நன்றாகத்தான் இருந்தன. பழுது 25,000 என்று முடிவு கட்டினேன். வாங்க வந்தவர் பேஸ்மென்ட்டுக்குள் இறங்கினார். ஃபர்னஸ் இருந்த இடத்தில் நான்கு போல்ட் மட்டும் நின்றன. செம்புக் குழாய்களை யாரோ அறுத்துக்கொண்டு போயிருந்தார்கள். தெருவுக்குப் போகும் மண் குழாய்க்குள் மரவேர் இறங்கிக் கழிவுநீர் திரும்பிக்கொண்டிருந்தது. பதினாறு படத்தில் பேஸ்மென்ட் படம் ஒன்றுகூட இல்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. பையனைக் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. நான் கேட்கவில்லை, அவன் எடுக்கவில்லை.

முன்பணத்தை இழக்காமல் விலகிக்கொள்ள இருந்த ஆய்வுக் கெடு இரண்டு நாள் முன்பே முடிந்திருந்தது. என் 500 டாலர் முன்பணம் போனது. அது பெரிதில்லை. அந்த அம்மா அதற்குள் மகள் வீட்டுக்குப் பக்கத்தில் அபார்ட்மென்ட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டிருந்தார். அவரை அழைத்துச் சொன்ன அந்தப் போன்தான் இந்தத் தொழிலில் நான் பேசியவற்றிலேயே நீளமானது. நேரம் பார்த்தால் நான்கு நிமிடம்.

அதற்குப் பிறகு வைத்துக்கொண்ட முறை இது. அந்த ஊரிலேயே ஓர் ஆள் வேண்டும். ஓய்வுபெற்ற கட்டுமானத் தொழிலாளியோ, வாடகை வீடுகளைப் பார்த்துக்கொள்ளும் மேலாளரோ, வேலை குறைவான ஒப்பந்தக்காரரோ யாராக இருந்தாலும் சரி. ஒரு நடைக்கு 75 டாலர் தருகிறேன். டீல் முடிந்தாலும் முடியாவிட்டாலும் அன்றே தருகிறேன். முடிந்தால்தான் காசு என்று வைத்தால், முடியும்படியாகவே அவர் கண் பார்க்கத் தொடங்கிவிடும்.

அவரிடம் படம் கேட்காதீர்கள். தெருவில் தொடங்கி, நடுவில் நிறுத்தாமல் எடுத்த ஒரே வீடியோ கேளுங்கள். படம் நல்ல மூலையைத் தேடிப் போகும், ஓடும் வீடியோவால் அது முடியாது. தெருவிலிருந்து கூரை, இரண்டு பக்கத்து வீடுகள், பிறகு நேரே பேஸ்மென்ட். சுவர் உள்ளே தள்ளியிருக்கிறதா, தண்ணீர் நின்ற கோடு எந்த உயரத்தில், வாட்டர் ஹீட்டர் லேபிளில் என்ன வருடம், மின்பெட்டியில் பிரேக்கரா பழைய ஃபியூஸா, குழாய் செம்பா இரும்பா, அல்லது குழாயே இல்லையா. பேஸ்மென்ட்டில் பத்து நிமிடம் நின்றவருக்கு மாடியில் ஐந்து நிமிடம் போதும். காலி வீடு என்றால் கழிவுக் குழாய்க்குள் கேமரா விட்டுப் பார்க்கும் ஆளையும் கூட்டிப் போகச் சொல்லுங்கள். குழாயே இல்லையா என்று பார்க்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு: 2007 வாக்கில் கடன் கட்ட முடியாமல் வீடுகள் ஏலத்துக்குப் போனபோது, கிளீவ்லாந்தின் ஸ்லாவிக் வில்லேஜ் பகுதி நாடு முழுக்கச் செய்தியில் அடிபட்டது. ஆளில்லாத வீட்டிலிருந்து செம்பு உருவும் பழக்கம் அந்த ஊர்ப்பக்கம் அப்போது நன்றாக வேரூன்றியது.

போனில் என்ன சொல்வது

நம் உச்சரிப்பைக் கேட்டதும் மோசடிக் கால் சென்டர் என்று எண்ணி வைத்துவிடுவார்கள். மனம் நோகாதீர்கள், அவர்களுக்கு அப்படி வந்த அழைப்புகள் அவ்வளவு. அதனால் நான் முதலில் கடிதம்தான் போடுகிறேன். பெயர், முகவரி, வீட்டின் தெரு, நான் யார் என்று நான்கு வரி. அவர்களே கூப்பிட்டால் பேச்சு வேறு மாதிரி இருக்கும். சட்டமும் கடிதத்தின் பக்கம்தான். 1991இல் வந்த தொலைபேசி நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும், 2003இல் தொடங்கிய ‘அழைக்காதே’ பதிவேடும் இருக்கின்றன. இயந்திரம் வைத்துக் கொத்தாக அழைப்போ குறுஞ்செய்தியோ அனுப்பி மாட்டினால் ஒவ்வொன்றுக்கும் 500 டாலர், தெரிந்தே செய்ததாக ஆனால் 1,500 வரை. ஆயிரம் குறுஞ்செய்தியை இதால் பெருக்கிப் பாருங்கள். வெளிநாட்டில் ஆள் வைத்து அனுப்பினாலும் வழக்கு உங்கள் வாசலுக்கே வரும்.

கூப்பிடுபவர் கட்டாயம் கேட்கும் கேள்வி ஒன்று: “வாங்கப்போவது நீங்கள்தானா?”

கையில் பணம் இல்லாமல் “ஆமாம், ரொக்கம்” என்று சொல்லச் சொல்லித்தரும் ஆசான்கள் நிறைய. நான் சொல்வது இது: “இல்லை மேடம். இந்த மாதிரி வீடு வாங்குபவர்கள் சிலரை எனக்குத் தெரியும். உங்களோடு ஒப்பந்தம் போட்டு, அதை அவர்களில் ஒருவருக்கு மாற்றிக் கொடுப்பேன். அதில் எனக்கு ஒரு தொகை உண்டு. ஏஜென்ட் மூலம் விற்றால் உங்களுக்கு இதைவிட அதிகம் கிடைக்கலாம், ஆனால் பழுதுபார்க்க வேண்டியிருக்கும், நாளாகும். என்னால் ஆள் கண்டுபிடிக்க முடியாது என்று தெரிந்தால் இருபதாம் நாளே உங்களைக் கூப்பிட்டுச் சொல்லிவிடுவேன். அதுவரை வேறு எதற்கும் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.”

பத்தில் மூன்று பேர் வைத்துவிடுகிறார்கள். என் கணக்கில் அந்த மூவரும் எப்படியும் பாதியில் முறியக்கூடியவர்கள்.

காகிதம்

நிலம் வீடு சம்பந்தப்பட்ட ஒப்பந்தம் எழுத்தில் இருந்தால்தான் செல்லும். மின் கையெழுத்து 2000 முதல் கூட்டாட்சிச் சட்டப்படி செல்லுபடி, ஆகவே தூரம் தடையில்லை. ஒப்பந்தத்தில் நான்கு விஷயங்களைத் தேடுங்கள். உரிமையை வேறொருவருக்கு மாற்றலாம் என்ற வாசகம். ஆய்வுக் கெடு, என் கசப்புக்குப் பிறகு நான் பதினைந்து நாளுக்குக் குறைவாக எழுதுவதில்லை. முன்பணம் டைட்டில் கம்பெனியின் பொறுப்புக் கணக்கில் (எஸ்க்ரோ) இருக்கும் என்பது. லாப நோக்கில் ஒப்பந்தத்தை மாற்றிக் கொடுப்பேன் என்று பச்சையாகச் சொல்லும் ஒரு வரி, அதன் பக்கத்தில் விற்பவரின் சுருக்கொப்பம். வாங்குபவரிடம் நீங்கள் வாங்கும் முன்பணம், நீங்கள் விற்பவருக்குக் கொடுத்ததைவிடப் பெரிதாகவும், திருப்பித் தர வேண்டாததாகவும் இருக்கட்டும்.

கையெழுத்தான அன்றே டைட்டில் கம்பெனிக்கு அனுப்பி வில்லங்கம் பார்க்கச் சொல்லுங்கள். வரிபாக்கி வரும், கட்டாத தண்ணீர்க் கட்டணம் வரும், நீதிமன்றத் தீர்ப்புக் கடன் வரும், சில சமயம் நகராட்சியின் இடிப்பு ஆணையே வரும். இவற்றில் பெரும்பாலானவை விற்பவர் பணத்தில் கழித்துத் தீர்த்துவிடக்கூடியவை. தீராதது வாரிசு விவகாரம். அப்பா இறந்து ஒன்பது வருடம், பத்திரம் அவர் பெயரிலேயே நிற்கிறது, நான்கு பிள்ளைகளில் ஒருவர் மட்டும் உங்களோடு பேசிக்கொண்டிருக்கிறார். நம் ஊர்க் கதைதான். புரோபேட் நீதிமன்ற நடைமுறை முடியாமல் எதுவும் நகராது.

ஒப்பந்தம் மாற்றுவதை ஏற்கும் டைட்டில் கம்பெனியாகப் பார்த்து முன்பே பேசி வையுங்கள். எல்லோரும் ஏற்பதில்லை.

சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் மாறுகிறது, அண்மையில் வேகமாகவும் மாறுகிறது. டெக்சாஸ் 2017இல், உங்களிடம் இருப்பது வாங்கும் உரிமை மட்டுமே என்பதை வாங்குபவரிடம் சொல்லியாக வேண்டும் என்றது. இல்லினாய் 2019 முதல் இதையே தொழிலாகச் செய்பவரிடம் புரோக்கர் உரிமம் கேட்கிறது. ஓக்லஹோமா 2021இல் தனிச் சட்டம் கொண்டுவந்தது. தென் கரோலினா 2024இல், பெயருக்கு வராத வீட்டை விளம்பரப்படுத்தி விற்பதன் மேல் கை வைத்தது. பென்சில்வேனியாவில் 2025 முதல் உரிமம் வேண்டும். எந்த மாநிலமானாலும் வீட்டின் படத்தைப் போட்டு ‘விற்பனைக்கு’ என்று எழுதினால் உரிமமில்லாத புரோக்கர் என்ற சந்தேகம் வரும். முன்பு சொன்ன நுணுக்கம் இங்கேதான் உதவும்: விற்பனைக்கு இருப்பது ஒப்பந்தம், அதை அப்படியே எழுதுங்கள். முதல் ஒப்பந்தத்துக்கு முன் அந்த ஊர் ரியல் எஸ்டேட் வழக்கறிஞர் ஒருவருக்கு ஒரு மணி நேரக் கட்டணம் கொடுத்து உங்கள் படிவத்தைக் காட்டிவிடுங்கள். இணையத்தில் இலவசமாகக் கிடைத்த படிவம் பெரும்பாலும் வேறு மாநிலத்தில் பிறந்ததாக இருக்கும்.

க்ளோசிங் நாள்

நீங்கள் போக வேண்டியதில்லை. ஒஹாயோவில் 2019 முதல் காணொளி வழி நோட்டரி செல்லும். பெரும்பாலும் விற்பவர் டைட்டில் அலுவலகத்துக்குப் போவார், வாங்குபவர் பணத்தை வயரில் அனுப்புவார், மாலைக்குள் உங்கள் தொகை வரும்.

அந்த வயர் விஷயத்தில் மட்டும் சந்தேகப் பிராணியாக இருங்கள். மின்னஞ்சலில் நுழைந்து, “எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது” என்று டைட்டில் கம்பெனி எழுதியது போலவே எழுதும் திருடர்கள் உண்டு. கணக்கு எண் வந்ததும், அந்த மின்னஞ்சலில் உள்ள எண்ணை விட்டுவிட்டு, உங்களிடம் முதல் நாளிலிருந்து இருக்கும் எண்ணுக்குப் போன் போட்டு ஒவ்வோர் இலக்கமாகப் படித்துச் சரிபாருங்கள். வாங்குபவரையும் அப்படியே செய்யச் சொல்லுங்கள்.

வந்த தொகையில் மூன்றில் ஒரு பங்கைத் தனிக் கணக்கில் போடுங்கள். இதற்கு மூலதன ஆதாயச் சலுகை கிடைப்பதில்லை. சாதாரண வருமான வரியோடு 15.3 சதவீதச் சுயதொழில் வரியும் சேரும்.

இன்னொரு சின்ன வேலை. வீட்டுக் கதவில் உங்கள் ஆள் மாட்டிய சாவிப் பெட்டி அங்கேயே தொங்கிக்கொண்டிருக்கும், அதன் எண் வீடு பார்க்க வந்த நான்கைந்து பேருக்குத் தெரியும். அன்று சாயங்காலமே ஆளை அனுப்பி எண்ணை மாற்றச் சொல்லி, புது எண்ணை வாங்கியவருக்கு மட்டும் அனுப்புங்கள். பேஸ்மென்ட்டில் இன்னும் செம்பு இருக்கிறது.